மலையில் வீடு வாங்குபவர்கள் ஊரையும் விசாரித்துவிட்டு வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலைக் கிராமங்களில் ஓய்வு இல்லம் வாங்குவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பட்டா, வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் என்று பார்க்க வேண்டியவற்றையெல்லாம் வரிசையாகச் சொல்லியிருந்தீர்கள். வங்கிக் கடன் முதல் வார இறுதியில் வாடகைக்கு விட்டால் வரும் வருமானம் வரை எதுவும் விடுபடவில்லை. அந்த வீடு எந்த ஊரில் எழும்பப் போகிறதோ, அந்த ஊர் மக்களைப் பற்றி மட்டும் ஒரு வரி கூட இல்லை. நான் அப்படிப்பட்ட ஓர் ஊரைச் சேர்ந்தவன். கீழ்ப் பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம், காபியும் மிளகும் மலைவாழையும் போட்டிருக்கும் சிறு விவசாயி. ஊராட்சியில் வார்டு உறுப்பினராகவும் இருந்திருக்கிறேன். எங்கள் தரப்பையும் சொல்ல இடம் கொடுக்க வேண்டுகிறேன்.

கொடைக்கானலில் நெரிசல் தாங்காமல் 2024 மே மாதம் முதல் இ-பாஸ் முறையே வந்துவிட்டது. அங்கே இடமும் இல்லை, விலையும் எட்டாது என்றான பிறகு வாங்குபவர்களின் கண் பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பாச்சலூர் என்று எங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. வருபவர்கள் மீது எங்களுக்குக் கோபம் இல்லை. விற்பவர்கள் எங்கள் ஆட்கள்தான். மகள் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு, பிள்ளைகள் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் வேலைக்குப் போய்விட்டதால் காட்டைப் பார்க்க ஆள் இல்லாத நிலை, இப்படி ஏதோ ஒரு கட்டாயத்தில்தான் விற்கிறார்கள். வாங்குகிற இடத்தோடு கூடவே வேறு சிலவும் வந்து சேர்கின்றன என்பதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதி மனஸ்தாபம் வந்திருக்காது.

முதலில் தண்ணீர். எங்கள் ஊரில் பெரும்பாலான வீடுகளுக்கும் தோட்டங்களுக்கும் மேலே இருக்கும் ஊற்றிலிருந்து கருப்புக் குழாய்களில்தான் தண்ணீர் இறங்குகிறது. மோட்டார் கிடையாது, மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாக வருகிற தண்ணீர். யாருக்கு எந்த நேரம் என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. மாசி, பங்குனியில் ஊற்று சுருங்கும்போது முறை வைத்துத் திறந்துவிடுவோம். காபி பூக்க ஒரு நல்ல மழை வேண்டும். அது தள்ளிப்போகிற வருடங்களில் இந்த முறைத் தண்ணீரை நம்பித்தான் செடியைக் காப்பாற்றுகிறோம். ஊற்றுக்கு மேல்புறம் இடம் வாங்கிய ஒருவர் ஆழ்துளைக் கிணறு போட்டு, சிறிய நீச்சல் குளமும் கட்டினார். அடுத்த கோடையில் எங்கள் தொட்டிக்கு வரும் தண்ணீர் கண்கூடாகக் குறைந்தது. அந்தக் கிணறுதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் குடத்தோடு வரிசையில் நிற்கிற பெண்கள் மேலே நிமிர்ந்து பார்த்தால் அந்த நீலக் குளம் தெரிகிறது. அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அந்தக் குடும்பத்தினர் ஒருமுறையாவது யோசித்திருக்க வேண்டும்.

அடுத்தது பாதை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தார்ச்சாலை முடிகிற இடத்துக்கு மேலே எங்கள் விளைச்சல் இறங்குவது பொதிக்குதிரையில்தான். காபி மூட்டையும் வாழைத்தாரும் குதிரையின் இரண்டு பக்கமும் கட்டித் தொங்கும். அந்தத் தடம் ஒருவர் தோட்டத்துக்குள் புகுந்து இன்னொருவர் தோட்டத்தில் வெளியேறும். எங்கள் தாத்தா காலத்திலிருந்து யாரும் யாரையும் தடுத்ததில்லை. அப்படி ஒரு தடம் போகும் நிலத்தை வாங்கிய வெளியூர்க்காரர் சுற்றிலும் சோலார் வேலி போட்டு, தடம் நுழையும் இடத்தில் இரும்புக் கதவு வைத்தார். கெட்ட மனிதர் அல்ல. ஊர்க்காரர்கள் போகட்டும் என்று பக்கத்தில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு சின்னக் கதவும் விட்டிருந்தார். அதில் ஆள் போகலாம், பொதி ஏற்றிய குதிரை போகாது. பறிப்புக் காலம் முழுக்க எங்கள் வீட்டுப் பெண்கள் மூட்டையைத் தலையில் சுமந்து, ஓடையைச் சுற்றி, வழுக்குப் பாறையில் இறங்கினார்கள்.

20 ஆண்டுகள் தடையில்லாமல் நடந்த பாதைக்கு உரிமை உண்டு என்று 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டமே சொல்கிறது. ஆனால் காபி பழுத்துத் தரையில் கொட்டுகிற நேரத்தில் யார் மலையிறங்கிப் போய் வழக்குப் போடுவது? பெரியவர்கள் போய்ப் பேசிப் பேசி, கடைசியில் அவர் கதவை அகலப்படுத்தினார். அதற்குள் பருவம் முடிந்திருந்தது. அவருடைய பத்திரத்தில் எந்தக் குறையும் இல்லை. தரகர் அவருக்கு நிலத்தைக் காட்டியபோது அந்தத் தடத்தைக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

மரம் வெட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. காட்சி மறைக்கிறது என்று நிழல் மரங்களைச் சாய்க்கிறார்கள். மலைப்பகுதிகளில் மரம் வெட்ட 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். கட்டடத்துக்கும் மலையிடப் பாதுகாப்பு விதிகள் தனியாக இருக்கின்றன. இதையெல்லாம் அதிகாரிகள் பார்த்துக்கொள்ளட்டும். என் வருத்தம் வேறு. நிழல் போனால் அதன் கீழே இருந்த காபியும் போகிறது. காபி போனால் பறிப்புக்கு வருகிற பெண்களுக்குப் பருவக் கூலி போகிறது. அந்த இடத்தில் புல்தரை போட்டு, ஒரே ஒரு காவலாளிக்கு வேலை கொடுத்துவிட்டு, ஊருக்கு வேலைவாய்ப்பு கொடுத்ததாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இப்படி இல்லாமல் வந்தவர்களும் இருக்கிறார்கள். மதுரையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தம்பதி. இடம் வாங்குவதற்கு முன்பே இங்கே ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து ஐப்பசி, கார்த்திகை மழையில் தங்கிப் பார்த்தார்கள். மண் சரிந்து பஸ் வராமல் போவதையும், கரண்ட் போனால் எப்போது வரும் என்று தெரியாமல் இருட்டில் உட்கார்ந்திருப்பதையும் அனுபவித்த பிறகுதான் முன்பணம் கொடுத்தார்கள். வாங்கிய பழைய ஓட்டு வீட்டை இடிக்கவில்லை. கூரையை மாற்றி, சுவரைப் பூசிக்கொண்டார்கள். தோட்டத்தில் ஏற்கெனவே வேலை செய்துவந்த அம்மாவையே தொடர்ந்து வைத்துக்கொண்டு, எந்தச் செடியை எப்போது கவாத்து செய்வது என்று அவரிடமே கேட்டுக்கொள்கிறார்கள்.

கோயில் திருவிழா வந்தபோது அந்த ஐயா வரி வசூலிக்கிற பெரியவரைத் தேடிப்போய், "தலைக்கட்டுக்கு எவ்வளவு?" என்று கேட்டார். எல்லா வீட்டுக்கும் என்ன தொகையோ அதையே கொடுத்தார். அதே வருடம் இன்னொரு வீட்டுக்காரர் தன் பெயரைப் பொறித்து அலங்கார வளைவு கட்டித்தர முன்வந்தார். அவ்வளவு பெரிய தொகையை வாங்குவதா வேண்டாமா என்று ஊரில் பெரிய பேச்சு நடந்து, கடைசியில் வேண்டாம் என்று விட்டார்கள். சமமாகப் பங்கு கொடுக்கிறவரோடு சமமாகப் பேச முடிகிறது. மொத்தச் செலவையும் ஏற்பவர் முன்னால் கையைக் கட்டி நிற்க வேண்டியிருக்கிறது. அந்தத் தம்பதி கேதத்துக்கும் வருகிறார்கள். போன ஆவணியில் ஒரு வீட்டில் சாவு விழுந்தபோது, அடுப்பு மூட்டாத அந்த வீட்டுக்கு இட்லி அவித்து எடுத்துப்போனவர்களில் அந்த அம்மாவும் ஒருவர்.

ஊர் என்று நான் சொல்வது ஒரே கூட்டம் இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். தலைக்கட்டுக் கணக்கிலேயே சேர்க்கப்படாத குடும்பங்கள் எங்கள் மலையில் உண்டு. காலனி உண்டு, பளியர் என்ற பழங்குடி மக்களின் குடியிருப்பு உண்டு. புதிதாக வருபவர்கள் தலைவர் வீட்டிலும் பெரிய தோட்டக்காரர் வீட்டிலும் காபி குடித்துவிட்டு ஊரோடு பழகிவிட்டதாக நினைக்கிறார்கள். வேலி போடக் கூப்பிடுகிற பளியர் குடும்பத்தின் வாசலுக்கும் ஒருநாள் போய்ப் பாருங்கள். எங்களுக்குள் நாங்கள் சரிசெய்யாமல் வைத்திருக்கும் இந்தப் பிரிவில் நீங்களும் ஒரு பக்கம் போய் நின்றுகொள்ளாதீர்கள்.

கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எங்கள் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவர் அதில் உறுப்பினர் ஆக முடியாது. ஆனாலும் வந்து உட்கார்ந்து கேட்பதை யாரும் தடுக்கப் போவதில்லை. தெருவிளக்கு எரியவில்லை, குப்பை வண்டி வரவில்லை என்று நேராக மாவட்ட ஆட்சியருக்கு மனு அனுப்புகிறவர்கள், ஒரு கூட்டத்துக்கு வந்திருந்தால் குப்பை அள்ள எங்களிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது தெரிந்திருக்கும். அவர்கள் விட்டுப்போகும் பாட்டில்களையும் பிளாஸ்டிக் தட்டுகளையும் திங்கட்கிழமை காலையில் பொறுக்குவதும் அதே ஆட்கள்தான். அவை ராத்திரியில் காட்டுமாடு வந்து மேய்கிற இடத்தில் கிடக்கின்றன.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பொருளில் இனி எழுதும்போது உங்கள் ஆவணப் பட்டியலோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிரயம் பேசுவதற்கு முன்னால், நிலத்தின் எல்லையும் அளவும் காட்டும் புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்து நிலக்காரர் ஒருவரோடு எல்லையைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, இங்கிருந்து யாருக்கெல்லாம் போகிறது, இந்த வழியாக யார் யார் நடக்கிறார்கள் என்பதைத் தரகரிடம் கேட்காமல் அவரிடம் கேட்கட்டும். மார்கழியில் பறிப்பு மும்முரமாக இருக்கும், எங்களால் நின்று பேச முடியாது. ஆனி, ஆடியில் வரச் சொல்லுங்கள். கூடவே நடந்து வந்து எல்லாவற்றையும் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
ஒரு காபி விவசாயி,
தாண்டிக்குடி வட்டாரம், திண்டுக்கல் மாவட்டம்