முன்வரிசைக்காரர்களும் செருப்பு டோக்கன் அம்மாவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் உளவியல் கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, ஒரு வரியைத் தவிர. தன்னை நல்லவராக நினைப்பவர் பிறரிடமும் நல்லவராகவே நடப்பார் என்கிறார் கட்டுரையாளர். அவர் எந்த ஊரில் குடியிருக்கிறார் என்று தெரிந்தால் நானும் அங்கே வீடு பார்ப்பேன்.

போன மார்கழியில் எங்கள் பக்கத்து மண்டபத்தில் கருணையைப் பற்றிச் சொற்பொழிவு. முன்வரிசை பிடிக்கும் அவசரத்தில் யாரோ இடித்து, வாசல்படியில் விழுந்தேன். வலது முழங்கையில் எலும்பு முறிவு. என்னைத் தாண்டிப் போனவர்களில் பாதிப் பேர் தெரிந்த முகம். "பார்த்து வரக் கூடாதா டீச்சர்" என்று ஒருவர் நடந்தபடியே சொன்னார். தூக்கி உட்கார வைத்து ஆட்டோ பிடித்துத் தந்தவர் செருப்புக்கு டோக்கன் கொடுக்கும் அம்மா. மாவுக்கட்டோடு மறுவாரம் போனபோது, இரண்டு ரூபாய் சில்லறைக்காக அவரை ஒரு பெரியவர் 'நீ, வா, போ' என்று ஏசிக்கொண்டிருந்தார். சொற்பொழிவு கேட்டுவிட்டு வந்தவர்தான்.

1973இல் வெளியான, அமெரிக்க உளவியலாளர்கள் டார்லி, பேட்சன் செய்த ஆய்வு உங்களுக்குத் தெரியாததல்ல. பிரின்ஸ்டனில் பாதிரியார் படிப்பு படித்தவர்களைப் பேச அனுப்பினார்கள். அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதைதான் சிலருக்குத் தலைப்பே. வழியில் ஒருவர் இருமிக்கொண்டு சுருண்டு கிடந்தார். நேரம் இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம். என்ன தலைப்பில் பேசப் போனார்கள் என்பதால் பெரிய வித்தியாசம் வரவில்லை.

உங்கள் கட்டுரையாளர் எடுத்துக்காட்டிய 2002ஆம் ஆண்டு அக்வினோ, ரீட் ஆய்விலேயே பதில் இருக்கிறது. (என் மருமகள் உளவியல் படித்தவள், அவள் சொல்லித்தான் எனக்கும் தெரியும்.) அன்பு, நேர்மை, உழைப்பு என்று ஒன்பது குணங்களைக் கொடுத்து, அவை மனதுக்குள் எவ்வளவு முக்கியம், வெளியே எவ்வளவு காட்டிக்கொள்கிறோம் என்று தனித்தனியாக அளந்தார்கள். உண்மையில் தானம் கொடுத்ததோடு ஒத்துப்போனது முதலாவதுதான். கட்டுரையாளர் இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிவிட்டார்.

நானும் உத்தமி இல்லை. வகுப்பில் முப்பது வருடம் சமத்துவப் பாடம் நடத்தினேன். வீட்டில் வேலைக்கு வரும் பெண்ணுக்குத் தனி டம்ளர் வைத்திருந்தேன். மருமகள் வந்துதான் அதைத் தூக்கிப் போட்டாள். அன்று அவளிடம் நான் பேசவில்லை. அதுவரை யாராவது கேட்டிருந்தால், ஒன்பது குணத்துக்கும் டிக் போட்டிருப்பேன்.

சரி, உங்கள் பத்திரிகைக்கு வருகிறேன். 2015 வெள்ளத்தில் நிவாரணப் பொட்டலத்துக்கு முதல்வர் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியதை ஊரே கேலி செய்தது. வாராவாரம் நீங்கள் போடும் 'உதவும் உள்ளங்கள்' பக்கம் மட்டும் என்ன? ஒரே ஒரு பையின் மேல் ஆறு பேர் கை வைத்து நிற்கிறார்கள், நடுவில் ஒரு குழந்தை முழிக்கிறது. அதே வேலைக்காரப் பெண்ணின் மகள் படமும் அதில் வந்தது. பக்கத்தைப் பள்ளிக்கூடத்துக்கே ஒருவன் எடுத்துவந்து காட்டியிருக்கிறான். இரண்டு நாள் அவள் பள்ளிக்குப் போகவில்லை. அப்போதே எழுதினேன். மூன்று வரியாக வெட்டி, 'பக்கம் அருமை' என்ற பகுதியை மட்டும் போட்டீர்கள். அந்த வாக்கியத்தின் பின்பாதி 'ஆனால்' என்று தொடங்கியது, ஐயா.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கொடுப்பவர்கள் படத்தைத் தாராளமாகப் போடுங்கள், அவர்களுக்கு அது வேண்டியிருக்கிறது. வாங்கும் பிள்ளைகளின் முகத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அப்புறம், பொங்கல் இணைப்பு எனக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
திருச்சி.

(பெயர் வேண்டாம். மண்டபத்துக்காரர்கள் உங்கள் சந்தாதாரர்கள்.)