அந்தப் பெட்டியை வாங்காதே, மகள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. வட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் டியூட்டிக்குப் போகிற பஸ்ஸில் பாதி கேட்டுவிட்டு மூடிவிடுகிறாய். அதனால்தான் கடிதம். லீவு நாளில் உட்கார்ந்து படி.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். முழுக்க உலோகத்தில் செய்த டாங்கி மொடல், அசலில் ஆறில் ஒரு பங்கு அளவு, பெட்டி பெட்டியாக வருமாம், வந்ததைப் பூட்டினால் போதுமாம். விலையைப் பவுணில் பார்த்தேன், தம்பியிடம் சொல்லி ரூபாய்க்கு மாற்றியும் பார்த்தேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. வாங்காதே, மகள். காசுக்காக மட்டும் சொல்லவில்லை. அந்தப் பெட்டிக்குள் எனக்குப் பிடித்த வேலையையெல்லாம் வேறு யாரோ செய்து முடித்து அடைத்து வைத்திருக்கிறான்.

அப்பா தேயிலை பக்டரியில் என்ன வேலை பார்த்தேன் என்று உனக்கு மேலோட்டமாகத்தான் தெரியும். மெக்கானிக் என்று பள்ளிக்கூடப் படிவத்தில் எழுதியிருப்பாய். கொழுந்து குவியும் காலத்தில் நடுச்சாமத்தில் கொழுந்தை உருட்டுகிற ரோலரில் ஒரு புஷ், அதாவது தண்டைத் தாங்குகிற வளையம், தேய்ந்து நின்றுவிட்டால், மேல்மாடியில் வாடிக்கிடக்கிற கொழுந்து விடியும்வரை காத்திருக்காது. அந்த மெஷின் வெள்ளைக்காரன் காலத்தது. அதற்குச் சாமான் எந்தக் கடையிலும் இல்லை. இருக்கிற பித்தளைத் துண்டை லேத்தில் ஏற்றி, கடைந்து, பூட்டி ஓடவிட வேண்டும். இல்லாத சாமானைச் செய்வதுதான் என் தொழிலாக இருந்தது. வேலையை விட்ட பிறகும் கை அதைத்தான் தேடுகிறது.

சரி, நான் கொட்டகையில் பலகையில் செய்துகொண்டிருக்கிற மொடல் என்ன டாங்கி, ஏன் இப்படிக் கோணலாக இருக்கிறது என்று கேட்டிருந்தாய். அது எம்3 லீ. அமெரிக்காக்காரன் 1941இலும் 1942இலும் அவசரத்தில் செய்தது. 75 மி.மீ. பீரங்கி வேண்டும், ஆனால் அந்தப் பீரங்கியைத் தாங்கிச் சுழல்கிற கோபுரம் அவனிடம் தயாராக இல்லை. அதனால் பெரிய பீரங்கியை உடம்பின் வலது பக்கத்தில் பிதுக்கி வைத்து, மேலே ஒரு சின்னக் கோபுரத்தில் 37 மி.மீ. பீரங்கி ஒன்றைப் போட்டான். பின்னால் இருப்பது ஆகாய விமானத்துக்குச் செய்த ஒன்பது சிலிண்டர் எஞ்சின். கியர்ப்பெட்டியோ முன்பக்கம். இரண்டையும் சேர்க்கிற தண்டு ஆட்கள் நிற்கும் இடத்துக்கு அடியில் ஓடுகிறது. அதனால்தான் அந்த உயரம், 3 மீட்டருக்கும் மேல். அழகில்லைதான். ஆனால் ஒவ்வொரு கோணலுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அப்படிப்பட்ட மெஷின் எனக்குப் பிடிக்கும். எம்3 வகை எல்லாமாக 6,258 செய்தார்கள். அப்புறம் ஷெர்மன் டாங்கி வந்தது. லீயின் எஞ்சினும் சக்கரத் தொகுதியும் பெரும்பாலும் அப்படியே அதற்குப் போயின.

ஆறில் ஒரு பங்கு என்றால் நீளம் 94 செ.மீ., அகலம் 45, உயரம் 52. நம் பழைய மாட்டுக்கொட்டகையில் உன் படிப்பு மேசையை முழுதாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்த அளவை நான் எடுத்ததற்கு ஒரு காரணம் பிளைவுட். அசல் வண்டியின் முன்பக்கக் கவசம் 51 மி.மீ. தடிப்பு. ஆறால் வகுத்தால் எட்டரை. பக்கவாட்டுக் கவசம் 38 மி.மீ., ஆறு சொச்சம். ஹாட்வெயார் கடையில் கிடைக்கிற 9 மி.மீ., 6 மி.மீ. பலகைகள் கிட்டத்தட்ட அதே தடிப்பு. கதவைத் திறந்து வைத்தால் விளிம்பில் தெரிகிற கனம் பொய்யில்லை. சின்ன மொடல்களில் இந்தக் கனத்தைக் காட்டவே முடியாது. எடை மட்டும் வராது. அசல் 27 டன், நீளம், அகலம், உயரம் மூன்றுக்குமாக மூன்று தடவை ஆறால் வகுத்தால் 125 கிலோ. பலகை வண்டி அதில் பாதி கூட வராது. வந்தால் கொட்டகைப் படியில் யார் தூக்குவது?

தடம்தான், அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடுகிற பட்டைதான், பெரிய வேலை. ஒரு பக்கத்துக்கு 79 கட்டைகள், இரண்டு பக்கமும் சேர்த்து 158. அசலில் கட்டைக்குக் கட்டை ஆறு அங்குலம், அதனால் எனக்குச் சரியாக ஒரு அங்குலம். கணக்கு இப்படி வாய்த்தால் பாதிச் சோம்பல் போய்விடுகிறது. அசல் தடமே இரும்புக்கு மேல் ரப்பர் பிடித்ததுதான். நான் பழைய லொறி டயரின் பக்கச்சுவரை வெட்டி ஒட்டுகிறேன். 1942இல் மலாயாவை ஜப்பான்காரன் பிடித்த பிறகு நேசநாடுகளுக்கு இயற்கை ரப்பர் பெரும்பகுதி இலங்கையிலிருந்துதான் போனது. ரப்பர் தட்டுப்பாட்டில் அமெரிக்காக்காரன் முழு இரும்புத் தடங்களும் செய்ய வேண்டி வந்தது. நமக்குத் தேயிலை, கேகாலைப் பக்கம் ரப்பர் என்று இரண்டையும் வேறு வேறு உலகமாக நினைத்தே வளர்ந்தோம். வெட்டும்போது அதெல்லாம் மனதில் ஓடும்.

சக்கரங்களை நைலோன் உருளையில் கடைந்தாயிற்று. மோட்டர் இரண்டும் பழைய லொறி வைப்பருடையவை. அவற்றின் உள்ளே இருக்கிற புழுப் பல்லால் (திருகு மாதிரியான கியர்), கரண்ட் நின்றதும் அப்படியே பிடித்துக்கொள்ளும், சரிவில் பின்னுக்கு உருளாது. மற்ற மின்சார வேலையைத் தம்பி பார்த்துக்கொள்கிறான், எனக்கு அதில் ருசி இல்லை.

ஆனால் அவனோடு ஒரு சண்டை ஓடுகிறது. இரண்டு தடத்துக்கும் தனித்தனி மோட்டர் இருப்பதால் ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் ஓட்டி, நின்ற இடத்திலேயே வண்டியைச் சுழற்றலாம். பக்கத்து வீட்டுப் பையன்களுக்கு அது குஷி. அசல் லீ அப்படிச் சுழலாது. ஒரு பக்கத்தை மெதுவாக்கி வளைந்து வளைந்துதான் திரும்பும். இரண்டு தடமும் எப்போதும் ஒரே திசையில்தான் ஓடும். அதனால் ரிமோட்டிலேயே அந்தச் சுழற்சியைத் தடுத்து வைக்கச் சொன்னேன். "யாருப்பா வந்து பார்க்கப் போறாங்க?" என்கிறான். நான் பார்ப்பேனே.

இனி நீ கடைசியாகப் பேசும்போது கேட்டதற்கு வருகிறேன். "எத்தனையோ மெஷின் இருக்க, இந்த நாட்டுல இருந்துகிட்டு டாங்கிதான் செய்யணுமா அப்பா?" என்றாய். அப்போது பேச்சை மாற்றிவிட்டேன். இந்த நாட்டில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு டாங்கி என்றால் என்ன நினைவு வரும் என்று எனக்குத் தெரியாமலில்லை. பீரங்கிக் குழலுக்குக் கடைந்த பி.வி.சி. குழாயைப் பேப்பரில் சுற்றி ஹட்டன் பஸ்ஸில் கொண்டுவந்தபோது பக்கத்து சீட்டுக்காரர் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். விளக்கம் சொல்லிச் சொல்லி எனக்கே வாய் வலித்துவிட்டது.

நம் சண்டையில் ஓடிய வண்டிகளை நான் செய்யமாட்டேன். லீயை எடுத்ததற்கு ஒரு வழி இருந்தது. 1944 ஏப்ரலில் தென்கிழக்காசியாவின் நேசநாட்டுப் படைத் தலைவர் மவுண்ட்பேட்டன் தன் தலைமையகத்தைக் கண்டிக்குக் கொண்டுவந்தார். பேராதனைப் பூங்காவுக்குள் இருந்தது அது. நாம் ஸ்கூல் ட்ரிப்பில் மூங்கில் பார்க்கப் போகிற அதே பூங்கா. அங்கிருந்து நடத்திய பர்மாச் சண்டையில் முன்னால் போனவை இந்த லீ வண்டிகள். ஐரோப்பாவில் அதற்குள் இவை பழசாகிவிட்டன. பர்மாப் பக்கம் ஜப்பான்காரனிடம் இவற்றை உடைக்கும் பீரங்கி குறைவு, அதனால் அங்கே பிழைத்தன.

அதே ஏப்ரல் 13இல் பர்மா எல்லையை ஒட்டிய இந்தியப் பக்கத்து இம்பாலுக்கு அருகில் நுன்ஷிகும் என்ற முகட்டில் நடந்ததைப் படித்த பிறகு எனக்கு வேறு டாங்கி ஓடவில்லை. சமவெளியிலிருந்து ஆயிரம் அடி அளவுக்கு எழும்புகிற முகடு. அவ்வளவு செங்குத்தில் டாங்கி ஏறும் என்று மேலே இருந்த ஜப்பான்காரர்கள் எதிர்பார்க்கவில்லை. ஏறின. பாதை ஒடுக்கம், இரண்டு பக்கமும் பள்ளம். உள்ளே இருக்கிற டிரைவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால் வண்டித் தலைவர்கள் கோபுரத்துக்கு வெளியே தலையை நீட்டி வழி சொல்ல வேண்டியிருந்தது. அப்படி நீட்டியவர்களில் பலர் அங்கேயே சுடப்பட்டார்கள். அதிகாரிகள் எல்லாரும் விழுந்த பிறகு ஒரு சார்ஜன்ட் மேஜர் பொறுப்பெடுத்து முடித்தார். கூடவே நடந்து ஏறியவர்கள் டோக்ரா ரெஜிமென்ட் இந்தியச் சிப்பாய்கள். நம் மலையில் கொழுந்து லொறி வளைவில் பின்னுக்கு எடுக்கும்போது கிளீனர் தொங்கிக்கொண்டு குரல் கொடுப்பானே, அவனை நினைத்துக்கொண்டேன்.

அதனால் என் வண்டியில் சுடுகிற சத்தம் வராது. எஞ்சின் சத்தம் மட்டும் வைக்கிறோம். மேல் கதவு திறந்தே இருக்கும், உள்ளே இருக்கைகள் தெரியும். ஏழு பேருக்கு இருக்கை செய்கிறேன், ஆள் பொம்மை வைக்கவில்லை.

ரிவெட்டைப் பற்றி எழுதாவிட்டால் கடிதம் முடியாது. இந்த வண்டியின் தகடுகளை வெல்டிங் செய்யாமல் ரிவெட், அதாவது தலை தட்டிய தடித்த ஆணி, அடித்துத்தான் சேர்த்தார்கள். பின்னால் வந்த சில வகைகளில் வார்ப்பும் வெல்டிங்கும் வந்தன, அதற்கு நல்ல காரணம் இருந்தது. வெளியே குண்டு பட்டால் கவசம் ஓட்டையாகாவிட்டாலும், ரிவெட்டின் உள்பக்கம் பிய்ந்து உள்ளே இருப்பவர்கள் மேல் பாயும். நான் சின்னத் தலைப் பித்தளை ஆணிகளை வைத்து இதைச் செய்கிறேன். பென்சிலால் கோடு இழுத்து, இடைவெளியைக் கவராயத்தால் குறித்து, முதலில் துளையிட்டு, பிறகு ஆணியைப் பசையில் தோய்த்து அழுத்த வேண்டும். நேராக அடித்தால் பலகை பிளக்கும். ஒரு ஆணி அரை மி.மீ. விலகினாலும் சாய்ந்த வெளிச்சத்தில் முழு வரிசையும் காட்டிக்கொடுக்கும். இந்த வேலைக்கு மாலை வெயில்தான் நல்ல மேற்பார்வையாளர்.

பெயின்ட் அடிக்க நம் ஊர்க் காலநிலை விடாது. மூடுபனியில் ஸ்ப்ரே பண்ணினால் மேலே வெள்ளை படரும். தையும் மாசியும்தான் அதற்குத் தோது. கடையில் கிடைக்கிற கடும்பச்சையை அப்படியே அடிக்கவும் கூடாது. சின்ன உருவத்தில் அதே நிறம் அசலைவிட இருட்டாகத் தெரியும், கொஞ்சம் வெள்ளை கலந்து தணிக்க வேண்டும். துரு பூசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஓடுகிற வண்டியில் துரு பிடிப்பது புகைக்குழாயும் மெல்லிய தகடும்தான். இரண்டு அங்குலக் கவசம் முழுக்கச் செம்பழுப்பாக இருந்தால் அது சண்டை வண்டி இல்லை, பழைய இரும்புக் கடை.

சேற்றுக்கு நம் தோட்டத்து மண்ணே போதும். துணியில் சலித்து, வறுத்து, பசையில் குழைக்கிறேன். காட்டுச் சருகுக்கு பக்டரிக் கழிவுத் தேயிலை. காட்டில் ஆறு செ.மீ. இலை இங்கே ஒரு செ.மீ., அந்த அளவுக்குச் சுருண்ட இலை அதில் எடுக்கலாம். ஈரம் இல்லாமல் காயவைத்து வார்னிஷ் பூசிவிட வேண்டும், இல்லையென்றால் நம் ஊரில் பூஞ்சணம் பிடிக்கும். பின்பக்கம் கட்டுகிற தார்ப்பாயை அம்மா தைத்தாள். உன் யூனிபோமில் மிஞ்சிய வெள்ளைத் துணி, தேயிலைச் சாயத்தில் முக்கியது. தின்னர் மணத்துக்குத் திட்டிக்கொண்டேதான் தைத்தாள், ஆனால் தையல் இடைவெளியை அளவுக்கு ஏற்றபடி சின்னதாகப் போட்டாள், நான் சொல்லாமலே.

இப்போது உன்னிடம் கேட்பது. பெட்டிக்குப் பதிலாக இரண்டு காரியம் செய். ஒன்று, ஒரு மி.மீ.க்குக் குறைந்த ட்ரில் பிட்டுகள் ஒரு கட்டு. இங்கே கிடைப்பது தொட்டால் ஒடிகிறது. யாராவது ஊருக்கு வந்தால் கொடுத்துவிடு.

இரண்டாவது கொஞ்சம் அலைச்சல். சவுத்ஹம்டனிலிருந்து வேமவுத் போகிற ரயிலில் வூல் என்று ஒரு சின்ன ஸ்டேஷன் இருக்கிறது. அங்கே இறங்கினால் பொவிங்டன் டாங்கி மியூசியம் பக்கம்தான். ஜெர்மன் டைகர் 131 என்ற டாங்கி அங்கே இருக்கிறது, கூட்டம் அதைச் சுற்றி நிற்கும். நீ அதைத் தாண்டிப் போய் கிராண்ட் எங்கே என்று கேள். லீயின் உடம்பில் பிரிட்டிஷ்காரன் வேறு கோபுரம் போட்டதுதான் கிராண்ட். மேலே உள்ளது எனக்கு வேண்டாம். குனிந்து, சக்கரத் தொகுதியைப் பக்கவாட்டில் நேராக ஒரு போட்டோ எடு. தொகுதிக்கு மேலே தடத்தைத் தாங்குகிற சின்ன உருளை தெரிய வேண்டும். அதன் தாங்கி எந்தப் பக்கம் சாய்கிறது என்பது என்னிடம் இருக்கிற வரைபடங்களில் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கிறது. அப்புறம் முன்பக்க ரிவெட் வரிசை. தொட விடமாட்டார்கள், ஆகவே ஒரு அடிமட்டத்தைக் கையில் நீட்டிப் பிடித்து அதுவும் படத்தில் விழுகிற மாதிரி எடு. ஃபிளாஷ் போடாதே, பளபளப்பில் தலையின் வளைவு தெரியாது.

குளிருக்கு நல்ல சப்பாத்து போட்டுக்கொண்டு போ. நைட் டியூட்டி முடிந்த அன்றைக்குப் போகாதே, ரயிலில் தூங்கி வேமவுத்தில்தான் எழும்புவாய்.

அன்புடன்,
அப்பா
தலவாக்கலை