கல்லறைத் தோட்டச் சுவர்: வாடைக் காற்றுக்கு முன் இன்னும் 3,44,500 ரூபாய் வேண்டும்

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

அன்பார்ந்த பங்கு மக்களே, சென்னை, திருப்பூர், தூத்துக்குடி, வளைகுடா, சிங்கப்பூர் என்று பிழைப்புக்குப் போயிருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளே,

சுற்றி வளைக்காமல் முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறோம். கல்லறைத் தோட்டத்தின் கடலோரச் சுவரை எழுப்ப 8,57,000 ரூபாய் ஆகும். ஆகஸ்ட் 15 மாதா விண்ணேற்புத் திருநாள் பூசை முடிந்து கூடிய கூட்டம் வரை வந்து சேர்ந்தது 5,12,500. பாக்கி 3,44,500. இதைச் செப்டம்பர் 14 ஞாயிற்றுக்கிழமை, திருச்சிலுவை மகிமைப் பெருவிழாவுக்குள் சேர்த்தாக வேண்டும். மறுநாள் திங்கட்கிழமை கொத்தனார் ஆட்களோடு இறங்குவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் கணக்குப்படி 45 நாள் வேலை. அப்படியென்றால் அக்டோபர் கடைசியில் முடியும். நவம்பர் 2 கல்லறைத் திருநாள், இந்த 2025இல் அதுவும் ஞாயிற்றுக்கிழமையே வருகிறது. ஒரு வாரம் தள்ளிப்போனாலும் மழையில் மாட்டிக்கொள்வோம். ஐப்பசியில் வாடை எழும்பிவிட்டால் நம் வடகடல் என்ன செய்யும் என்று மீன்பிடிக்கிற ஊருக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

போன வருடம் என்ன நடந்தது என்று வெளியூரில் இருப்பவர்களுக்காக எழுதுகிறோம். 2024 நவம்பர் 20ஆம் தேதி ராமேஸ்வரம் தீவில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழையைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். நம் பக்கமும் ஓடை நீர் ஒருபுறம், கடல் ஒருபுறம். நடுவில் நின்ற சுவரில் 60 அடி அப்படியே சாய்ந்தது. மணல் அரித்ததில் மூன்று கல்லறைகளின் ஓரம் வெளியே தெரிந்தது. இளைஞர்கள் விடிவதற்குள் மணல் மூட்டை போட்டார்கள். வெளியே வந்ததைத் துணியில் பொதிந்து, பங்குச்சாமி மந்திரிக்க, மேட்டுப் பக்கம் மறுபடி அடக்கம் செய்தோம். அந்த மூன்று வீட்டாரும் அன்று எங்கள் முகத்தைப் பார்த்த பார்வையில்தான் இந்தக் குழுவே உருவானது. மீதி 150 அடிச் சுவரும் விரிசல் விட்டுத்தான் நிற்கிறது. ஆக மொத்தம் 210 அடி.

இனி சுவரின் கதை. சின்னப் பிள்ளைகளுக்கு இது தெரியாது. பெரியவர்களிடம் வாயைக் கொடுத்தால் மாலை வரை விடமாட்டார்கள், ஆகையால் சுருக்கமாக.

பழைய சுவர் பவளக்கல்லால் கட்டியது. அந்தக் காலத்தில் வல்லம் என்கிற நாட்டுப்படகில் போய், பார் என்று நாம் சொல்லும் கடலடிப் பவளப்பாறையிலிருந்து கல் பெயர்த்துக் கொண்டுவந்து, சிப்பியும் கல்லும் சுட்ட சுண்ணாம்பில், கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்துக் கட்டினார்கள். தனுஷ்கோடியில் இன்றும் சுற்றுலா வருகிறவர்கள் முன்னால் நின்று படம் எடுக்கிறார்களே, அந்த இடிந்த கோயிலும் இதே கல்தான். நம் சுவரில் யார் பெயரும் பொறிக்கவில்லை. அதனாலேயே ஊரில் எந்தத் தாத்தாவைக் கேட்டாலும் ‘எங்கப்பாரு கட்டுன சுவரு’ என்பார். எல்லாரும் சொல்வதும் சரிதான்.

புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) ஓரியூருக்குப் போகும்போது நம் ஊர் வழியாக நடந்தார், இந்தக் கரையில் செபம் செய்தார் என்று மேலத்தெருப் பெரியவர்கள் அடித்துச் சொல்வார்கள். ஏட்டில் ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் அவர்களிடம் அதைச் சொல்லித்தான் பாருங்களேன்! ஏட்டில் இருப்பது இது: 1693 பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது, 1947இல் புனிதர் பட்டம் பெற்றார். அதற்கும் முன்னால், 1549இல், மண்டபத்துக்கு இந்தப் பக்கம் வேதாளையில் அந்தோனி கிரிமினாலி அடிகளார் கொல்லப்பட்டார். சேசு சபையின் முதல் வேதசாட்சி அவர். ஆக இந்தக் கரையின் மண்ணுக்கு அடக்கம் புதிதல்ல, விசுவாசமும் புதிதல்ல.

1964ஐ மட்டும் சுருக்க முடியாது. டிசம்பர் 22 இரவு, கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால், தனுஷ்கோடியைக் கடல் எடுத்தது. ரயிலோடு போனவர்கள், படகோடு போனவர்கள், வீட்டோடு போனவர்கள். அதன் பிறகு நம் கரையில் ஒதுங்கிய உடல்களை ஊரே கூடி இந்தத் தோட்டத்தின் வடகிழக்கு மூலையில் அடக்கம் செய்தது. பெயர் தெரியாது, ஊர் தெரியாது. எந்த மதம் என்று அன்று யாரும் கேட்கவில்லை. மரச்சிலுவைகள் மக்கிப் போனதால் பிற்பாடு ஒரே சிமெண்ட் சிலுவையாக வைத்தார்கள். அந்த மூலைதான் இப்போது கடலுக்கு மிக அருகில் இருக்கிறது. அவர்களுக்கு ஆள் யார்? நாம்தான்.

அந்த மூலைக்கு அடுத்த வரிசையில் வெறும் சிலுவைகள் இருக்கின்றன. அடியில் உடல் கிடையாது. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்காக நட்டவை. சில வீடுகளில் அவர் கடைசியாக உடுத்திய சட்டையைப் புதைத்திருக்கிறார்கள். கல்லறைத் திருநாளன்று அந்த வரிசையில்தான் மெழுகுவர்த்தி அதிகம் எரியும். காற்றில் அணைய அணைய மறுபடி கொளுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். உடலை விழுங்கிய கடல் சிலுவையையும் வந்து எடுத்துக்கொண்டு போவதற்கு நாம் விடலாமா?

மக்கபேயர் இரண்டாம் நூல் 12ஆம் அதிகாரத்தைக் கல்லறைத் திருநாளில் வாசிக்கக் கேட்டிருப்போம். யூதா மக்கபே இறந்துபோன தன் வீரர்களுக்காக ஆளாளிடம் காசு திரட்டி, இரண்டாயிரம் வெள்ளித் திராக்மாவை எருசலேமுக்குப் பாவப் பரிகாரப் பலிக்கு அனுப்பிவைத்தார். இறந்தவர்களுக்காகத் தண்டல் எடுப்பது இன்று நாங்கள் கண்டுபிடித்தது இல்லை என்பதற்காகச் சொல்கிறோம். ஆபிரகாமையும் பாருங்கள். ஆண்டவர் நாடு முழுவதையும் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். ஆனாலும் அவர் காசு கொடுத்துச் சொந்தமாக்கிய நிலம், சாராளை அடக்கம் செய்ய வாங்கிய குகையும் வயலும்தான். நானூறு வெள்ளி செக்கேல். சும்மா தருகிறேன் என்றார்கள், அவர் வாங்கவில்லை, எடைபோட்டுக் கொடுத்தார். இறந்தவர்களை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களில் ஒன்று என்று ஞான உபதேசத்தில் படித்தோம். அடக்கம் செய்ததைக் காப்பதும் அதில் சேரும் என்று பங்குச்சாமி போன ஞாயிறு பிரசங்கத்தில் சொன்னார். அன்று பின்வரிசை ஆண்கள் பாதிப் பேர் வெளியே நின்றுகொண்டிருந்ததால் இங்கே மறுபடி எழுதுகிறோம்.

சரி, செலவு. பவளக்கல்லே எடுத்துக் கட்டலாமே, காசு மிச்சம் என்று இரண்டு பெரியவர்கள் கேட்டார்கள். முடியாது. பவளப்பாறை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, தொட்டால் வழக்குதான். அதோடு பார் போனால் மீன் குஞ்சுக்கு இடம் ஏது? ஹாலோபிளாக்கில் கட்டினால் மூன்று லட்சத்தில் முடியும் என்றார்கள் சிலர். முடியும், இரண்டு மழை தாங்கும். முன்பு தெற்கு மூலையில் கம்பி கட்டி ஒட்டுப்போட்ட பகுதியைப் போய்ப் பாருங்கள். கடல் மணலின் உப்பு உள்ளே கம்பியைத் துருப்பிடிக்க வைத்து, துரு ஊதி, கான்கிரீட் பொரிந்து கொட்டுகிறது. அதனால் இந்த முறை கம்பியே கிடையாது. புதுக்கோட்டைப் பக்கத்துக் கருங்கல், நாலடி ஆழத்தில் மூன்றடி அகல அஸ்திவாரம், மேலே ஐந்தடி உயரம்.

கருங்கல் 41 யூனிட், லாரி வாடகையோடு யூனிட் 6,500 வீதம் 2,66,500. சிமெண்ட் 250 மூட்டை 1,00,000. எம்-சாண்ட் 16 யூனிட் 96,000. கொத்தனார், சித்தாள் கூலி 2,45,000. மேல்பட்டையும் பூச்சும் 60,000. பழையதை அள்ளவும் குழி தோண்டவும் ஜேசிபி 26,000. துருப்பிடிக்காத இரும்பு கேட் ஒன்று 45,000. நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உப்பு என்பதால் கலவைக்கும் நனைப்பதற்கும் டேங்கர் தண்ணீர் 18,500. கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். கல் லாரிக்காரருக்குப் பாதி முன்பணம் கொடுத்தால்தான் லோடு கிளம்பும்.

இதுவரை கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லாமல் மேலே போனால் நாக்கு அழுகிவிடும்.

வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் பிள்ளைகள் 1,62,000 அனுப்பினார்கள். ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்து மிச்சம் பிடித்த காசு அது என்று எங்களுக்குத் தெரியும். பாசி வளர்க்கும் பெண்கள் மூங்கில் மிதவையில் பாசி கட்டிய கூலியில் ஆளுக்குக் கொஞ்சம் ஒதுக்கி 15,500 கொண்டுவந்தார்கள். எல்லாம் பத்தும் இருபதுமாக, ஈரத் தாள்கள். எண்ணி முடிக்க எங்கள் பொருளாளருக்கு ஒரு மதியம் போனது. முனகிக்கொண்டே எண்ணினார், ஆனால் எண்ணி முடித்ததும் எழுந்து நின்று கும்பிட்டார். பக்கத்து ஊர் ஜமாஅத்தார் நாங்கள் கேட்காமலேயே 25,000 கொடுத்தார்கள். ‘அந்த மூலையில எங்க ஆளும் இருக்கலாம்ல’ என்றார் அவர்களின் பெரியவர் ஒருவர். அதற்கு மேல் நாங்கள் என்ன பேச? பாய்மார் அனைவருக்கும் எங்கள் நன்றி. பங்கு நிதியிலிருந்து 75,000. தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, 2,500 என்று தீர்மானித்த வரியை முழுதாகக் கட்டிய 94 குடும்பங்களின் பணம் 2,35,000. மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் கிடந்தபோது, நிவாரணம் வந்த 8,000 ரூபாயிலிருந்தே முதல் ஆளாகக் கட்டிய வீடுகளும் இதில் உண்டு. தோட்டத்தில் முள் வெட்டிய அன்பியங்களுக்கும் (பங்கின் சிறு குழுக்கள்), டீ போட்டுக் கொடுத்த மரியாயின் சேனை அக்காமாருக்கும், மண் அள்ளிய இளைஞர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

இப்போது கொஞ்சம் கசப்பான பேச்சு.

பங்கில் 186 தலைக்கட்டு. படகு பிடிபட்டோ, ஆள் இலங்கைச் சிறையிலோ இருக்கிற 14 வீடுகளையும், சம்பாதிக்கிற ஆள் இல்லாத 9 விதவைத் தாய்மார்களையும் கூட்டத்திலேயே விலக்கிவிட்டோம். அவர்களிடம் யாரும் கேட்கக் கூடாது. மீதி 69 வீடு இன்னும் கட்டவில்லை. ஏப்ரலில் கேட்டால் தடைக்காலம் என்றீர்கள். நியாயம், நாங்களே நிறுத்தி வைத்தோம். ஜூன் 14 முடிந்து படகு இறங்கி, முதல் மீன்பாட்டில் இறால் பரவாயில்லாமல் வந்த வாரம் கேட்டோம். அடுத்த வாரம் என்றீர்கள். அந்த அடுத்த வாரம் இன்னும் வரவில்லை. ஊர்த் திருவிழாவில் சவுண்டு செட்டுக்கும் வாணத்துக்கும் யாரும் அடுத்த வாரம் சொன்னதாக ஞாபகம் இல்லை. மார்ச்சில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் படகேறக் காசு இருந்தது. இப்போது வேளாங்கண்ணிக்கு வேன் பேசியாகிவிட்டது. போய்வாருங்கள், மாதா கூப்பிட்டால் போகத்தான் வேண்டும். ஆனால் உங்கள் அப்பனும் ஆத்தாளும் படுத்திருக்கும் இடத்தில் நாய் புகுந்து வருவதைத் தாண்டித்தான் அந்த வேன் போகும்.

இந்த 69 வீடும் கட்டினால் 1,72,500 வந்துவிடும், பாக்கியில் பாதி தீர்ந்தது. மொத்தமாக முடியாதவர்கள் ஐந்நூறு ஐந்நூறாகக் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறோம். விசைப்படகு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகு நான்கு நாள் என்று கடலைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம். படகு முதலாளிகளான சம்மாட்டிகள் தங்கள் முறையில் ஒரே ஒரு நாள் மீன்பாட்டைக் கல்லறைக்கு என்று விட்டுத்தர மனது வைக்க வேண்டும். மீதி 1,72,000க்கு வெளியூரில் இருக்கும் நம் மக்களையும், இங்கே பெண் எடுத்தவர்கள், கொடுத்தவர்களையும்தான் நம்பியிருக்கிறோம்.

ஒரு லட்சம் தருகிறோம், சுவரில் பெயரைப் பளிங்குக்கல்லில் பதிக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டார். குழுவில் இதற்கு நல்ல சண்டை நடந்தது. வேண்டாம் என்றே முடிவானது. பழைய சுவரில் இல்லாத பெயர் புதுச் சுவரிலும் இருக்காது. வேண்டுமானால் கொடுத்தவர் தன் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை எழுதித் தரலாம். நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைத் தோட்டத்தில் நடக்கும் செபங்களில் அந்தப் பெயர்கள் வாசிக்கப்படும். அந்த எட்டு நாளும் கல்லறையைச் சந்தித்து வேண்டினால் இறந்தோருக்குப் பரிபூரண பலன் உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பங்கு இல்ல அலுவலகத்தில் காலைப் பூசைக்குப் பிறகும், ஞாயிறுகளில் கோயில் வாசல் மேசையிலும் கட்டலாம். வங்கிக் கணக்கு எண்ணும் க்யூஆர் கோடும் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது. வெளியூரில் இருப்பவர்கள் வீட்டாரிடம் சொல்லிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வரவு செலவு ஒவ்வொரு ஞாயிறும் அதே பலகையில் ஏறும். முத்திரை போட்ட ரசீது இல்லாமல் யாரிடமும், குழுவில் இருக்கும் எங்களிடமே ஆனாலும், ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம்.

கடைசி நாள் செப்டம்பர் 14, மாலை ஆறு மணி.

இப்படிக்கு,
கல்லறைத் தோட்டச் சுவர்ப் பணிக் குழு