காலோபேயேயில் இரு தரப்புக்கும் ஒரே தோட்டம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள நண்பர்களே,

நைரோபியில் நம் குடும்பங்கள் ஆண்டுதோறும் சேர்க்கும் பொது நிதியை இம்முறை வடக்கே துர்கானா பகுதியில் அகதிப் பெண்களும் ஊர்ப் பெண்களும் சேர்ந்து பயிரிடும் காய்கறித் தோட்டத்துக்கு அனுப்பலாம் என்று குழு முடிவு செய்திருக்கிறது. கையிருப்பு போதாது. அதனால்தான் இந்த வேண்டுகோள்.

அங்குள்ள காகுமா அகதி முகாம் 1992-இல் தொடங்கியது. 2016-இல் அதன் அருகே காலோபேயே குடியிருப்பு வந்தது. அகதிகளும் உள்ளூர் துர்கானா மக்களும் ஒரே பள்ளி, ஒரே ஆஸ்பத்திரி, ஒரே சந்தை என்று இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். இன்று இரண்டிலுமாகச் சுமார் 3 லட்சம் அகதிகள் இருக்கிறார்கள். தென் சூடான்காரர்கள்தான் அதிகம். வேலை தேடி நினைத்தபடி வெளியூர் போக முடியாது. எனவே பெரும்பாலோர் நம்பியிருப்பது உலக உணவுத் திட்டத்தின் ரேஷனைத்தான். வெளிநாட்டு நிதி குறைந்ததும், 2025-இல் அது முழு அளவில் பாதிக்கும் கீழே போனது. அந்த ஆண்டு ஆகஸ்டிலிருந்து குடும்பங்களைத் தரம் பிரித்துக் கொடுக்கிறார்கள். சிலருக்கு அறவே கிடையாது.

ரேஷனில் ஒரு பகுதி பணமாகவும் வருவதுண்டு. மளிகைக் கடையில் கடன் ஏறினால் கடைக்காரர் சிம் கார்டையோ ஏடிஎம் கார்டையோ அடகாக வாங்கி வைத்துக்கொள்வதுண்டு. பணம் வந்த அன்றே கடனுக்குப் போய்விடும்; அப்புறம் மறுபடி கடன்.

சரி, அகதிகளுக்கென்று கேட்டுவிட்டு ஊர்க்காரர்களையும் ஏன் சேர்க்கிறீர்கள் என்று சிலர் கேட்டார்கள். துர்கானா மக்கள் ஆடும் ஒட்டகமும் மேய்ப்பவர்கள். 2020 கடைசியிலிருந்து ஐந்து மழைப் பருவங்கள் வரிசையாகப் பொய்த்ததில் மந்தைகள் அழிந்தன. அந்தப் பெண்கள் விறகுக் கட்டையும் கரி மூட்டையையும் சுமந்துகொண்டு முகாமுக்கு வருவார்கள். பதிலுக்குச் சோளமோ மாவோ வாங்கிப் போவார்கள். ரேஷன் குறைந்தால் அகதி வீட்டில் மாற்றிக் கொடுக்கத் தானியம் இருக்காது. விறகு விலை போகாது. ஊருக்குள்ளும் உலை ஏறாது. இதில் ஒரு தரப்புக்கு மட்டும் உதவினால் சண்டைதான் மிஞ்சும்.

மாவு மூட்டை வாங்கிக் கொடுத்துவிடலாமே என்பது நல்ல யோசனைதான். ஆனால் மூட்டை ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். எனவே இரு தரப்புப் பெண்களும் சேர்ந்து பயிரிடும் காய்கறித் தோட்டம் ஒன்றுக்குக் கேட்கிறோம். அங்கே மேட்டுப்பாத்தி உதவாது. பாத்தியைத் தரைமட்டத்துக்குக் கீழே வெட்டி, எருவிட்டு நிரப்பினால்தான் ஊற்றிய நீர் வெயிலில் வற்றிப்போகாமல் வேரில் நிற்கும். தட்டைப்பயற்றங்கீரை, தண்டுக்கீரை, வெண்டை, சுகுமா (இங்கே அன்றாடம் சமைக்கும் கோசுவகைக் கீரை) நன்றாக வரும். கீரை விதைத்து ஒரு மாதத்தில் பறிக்கத் தொடங்கலாம். மாவை மட்டுமே தின்று வளரும் பிள்ளைகளுக்கு அதுதான் உடனே வேண்டியது.

தண்ணீர்த் தொட்டி, சொட்டுநீர்க் குழாய், நிழல்வலை, ஆடு புகாமல் வேலி, விதை, கருவிகள்: பணம் இவற்றுக்குத்தான். வேலியைச் சிறிய செலவென்று நினைக்க வேண்டாம், துர்கானா ஆடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்! பாத்தி வெட்டும் கூலி அங்குள்ளவர்களுக்கே போகும். குழுவினரின் பயணச் செலவு இந்த நிதியில் சேராது.

500 ஷில்லிங்கானாலும் அனுப்புங்கள். மாதாமாதம் சிறிது தருவோருக்குக் கூடுதல் நன்றி, தண்ணீர்ச் செலவு மாதாமாதம் வருவதுதானே. எம்-பெசா (கைபேசி வழிப் பணம் அனுப்பும் சேவை) எண்ணை நம் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் போட்டிருக்கிறார். ரசீதும் வரவு செலவுக் கணக்கும் அங்கேயே வரும். மார்ச்சில் மழை தொடங்குமுன் பாத்தி வெட்டி முடிக்க வேண்டும் என்பதால் ஜனவரி இறுதிக்குள் பணம் வந்து சேர்ந்தால் நல்லது.

இப்படிக்கு,
நிதிக் குழுவினர்