அவகாசம் முடிவதற்குள்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இரண்டு நாளாக நீ போனில் சொன்னதே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. "வருஷம் 18,000 ரூபாய் மருத்துவக் காப்பீட்டுக்குக் கட்டுகிறேன், ஒரு நாள்கூட ஆஸ்பத்திரியில் படுக்கவில்லை. இனி அதை வங்கியில் போடப்போகிறேன்" என்றாய். அப்போது எனக்குப் பேச்சு வரவில்லை.

உன் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். 7 சதவீத வட்டி என்றால் பத்து வருஷத்தில் இரண்டரை லட்சத்துக்கு மேல் சேரும். சரிதான். ஆனால் மூன்றாம் வருஷமே நெஞ்சுவலி வந்தால்? கையில் அறுபதாயிரம் இருந்தால் அதிகம்.

2009இல் அப்பாவுக்கு வந்ததும் அப்படித்தான். நீ அப்போது ஆறாம் வகுப்பு. நாம் சேமிக்காத குடும்பமா? மாதச் சீட்டு, தபால் நிலையத்தில் ஆர்.டி., அக்கா படிப்புக்கென்று வங்கியில் வைப்புநிதி, எல்லாம் இருந்தது. ஆபரேஷன் செலவு 2,40,000 ரூபாய். வைப்புநிதியை முறித்தோம், போதவில்லை. தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு, சங்கிலியை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். நகை மதிப்பீட்டாளர் அதை உரைகல்லில் தேய்த்தபோது கறுப்புக் கல்லில் விழுந்த மஞ்சள் கோடு இன்றும் கண்ணில் நிற்கிறது. சங்கிலியை இரண்டு வருஷத்தில் மீட்டுவிட்டேன். அப்பாவும் பிழைத்து எழுந்தார், எனக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் அக்கா எம்.எஸ்சி. விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து மேசை இழுப்பறையில் வைத்திருந்தாள். அதை அவள் அனுப்பவே இல்லை. அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சேமிக்க வேண்டாம் என்றா சொல்கிறேன்? அந்தச் சேமிப்பு அக்காவுக்கே போய்ச் சேரவேண்டும் என்பதற்காகத்தான் காப்பீடு வேண்டும் என்கிறேன்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சேமிப்பும் சேர்ந்த ஆயுள் காப்பீட்டுப் பாலிசிகளைப் பற்றி நீ சொல்வது சரி. இருபது வருஷம் கட்டிய எனக்கு வட்டி ஐந்தரை சதவீதம்கூடத் தேறவில்லை. அரசின் நீண்டகாலச் சேமிப்புத் திட்டமான பி.பி.எஃப்.-இல் போட்டிருந்தால் கூடுதலாகவே வந்திருக்கும். உனக்கென்று குடும்பம் ஆனதும், ஆயுள் காப்பீட்டில் சேமிப்பு கலக்காத டேர்ம் பாலிசி மட்டும் எடு.

ஆபீஸ் காப்பீடு இருக்கிறதே என்பாய். வேலையை விட்டால் அதுவும் போய்விடும். நீ கட்டிவரும் பாலிசியில் ஆஸ்பத்திரி அறை வாடகைக்கு வரம்பு இருக்கிறதா என்றும் பார். வரம்பு 3,000 ரூபாயாக இருக்க 6,000 ரூபாய் அறையில் படுத்தால், அறை வாடகை மட்டுமல்ல, டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம்கூடப் பாதிதான் கிடைக்கும். நம் பக்கத்து வீட்டு மாமா இப்படித்தான் திகைத்து நின்றார்.

உன் ரத்த அழுத்தத்தை மறைக்காமல் எழுதிக் கொடுத்தாயே, அது நல்ல காரியம். அதனால் வரும் செலவுக்குப் பணம் கிடைக்காத காத்திருப்புக் காலம் மூன்று வருஷம், அதில் இரண்டு முடிந்துவிட்டது. இப்போது விட்டுவிட்டுப் பிறகு வேறு பாலிசி எடுத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் கிடையாது.

கெடு போன வாரம் முடிந்தது என்றாய். வருஷக் கட்டணத்துக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அந்த நாட்களில் ஏதாவது நேர்ந்தால் காப்பு கிடையாது, தம்பி. பைக்கில் போகிறவன் நீ. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே கட்டிவிட்டு எனக்கு ஒரு போன் செய். எத்தனை மணியானாலும் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா