2க்கு 2 என்று விற்ற டைல்ஸ்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கா மெட்ரிக் அளவைக்கு மாற வேண்டுமா என்று நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். மாறத்தான் வேண்டும். ஆனால் 1975-இல் செய்ததுபோலச் செய்யக் கூடாது. அப்போது சட்டம் போட்டார்கள். விருப்பமுள்ளவர்கள் மாறலாம் என்றும் விட்டுவிட்டார்கள். அப்படி விட்டால் யார் மாறுவார்கள்? நாம் 1956-இல் சட்டம் போட்டோம், 1958 அக்டோபரில் தொடங்கினோம், 1962-க்குள் கடைத்தெருவிலிருந்து பழைய எடைக்கற்களை எடுத்துவிட்டோம்.

அப்போது நான் சின்னப் பையன். எங்கள் அப்பத்தா சந்தையில் "ஒரு வீசை கத்தரிக்காய்" என்று கேட்டுவிட்டு, கடைக்காரர் கிலோக் கல்லை எடுத்ததும் சந்தேகமாகப் பார்ப்பார்கள். கொஞ்ச நாள்தான். அப்புறம் அவர்களே அரைக் கிலோ, கால் கிலோ என்று கேட்கப் பழகிவிட்டார்கள். பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போய் வந்த எங்கள் ஐயாவுக்கு அந்த வீசையிலேயே ஒரு வருத்தம் உண்டு. அங்கேயும் வீசைதான், ஆனால் கிட்டத்தட்ட 1.63 கிலோ, நம் சென்னை வீசை 1.4 கிலோ. பெயர் ஒன்று, எடை இரண்டு. மியான்மர் சந்தைகளில் அந்த வீசை இன்னும் புழங்குகிறது.

சரி, நாம் முழுதாக மாறிவிட்டோமா? இல்லை. போன வருடம் இரண்டாங்கட்டில் 20க்கு 20 அடி ஹாலுக்கு டைல்ஸ் போட்டோம். கடையில் "2க்கு 2 டைல்ஸ், பெட்டிக்கு நாலு, ஆக 16 சதுர அடி, 25 பெட்டி போதும்" என்று கணக்குச் சொல்லி, 400 சதுர அடிக்குப் பில் போட்டார்கள். வீட்டில் கொத்தனார் ஒரு வரிசைக்குப் பத்து டைல்ஸ் வைத்துப் பார்த்தால், சுவரோரம் ஏறக்குறைய நாலங்குலம் வெறும் தரை. பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். 600 மி.மீ., மொத்தம் 1.44 சதுர மீட்டர் என்று அச்சடித்திருந்தது. அது 15.5 சதுர அடிதான். இரண்டடி என்பது 609.6 மி.மீ. பெட்டிக்கு அரைச் சதுர அடி வீதம் பன்னிரண்டரைச் சதுர அடிக்கு வராத டைல்ஸுக்குக் காசு கொடுத்திருக்கிறேன். மறுபடி வாங்கப் போனால் அந்த லாட் தீர்ந்துவிட்டது. அடுத்த லாட்டில் நிறம் லேசாக வேறு. அந்த ஓரம் இன்னும் கண்ணை உறுத்துகிறது. நடுமுற்றத்தைச் சுற்றிய வளவில் கிடக்கும் ஆத்தங்குடித் தரைக்கல்லில் இந்த வம்பே இல்லை. பத்தங்குலம் என்றால் பத்தங்குலம்.

மீட்டரில் செய்து அடியில் விற்பதுதான் கோளாறு. 2009-ஆம் வருடத்துச் சட்டமுறை எடையளவுச் சட்டம் விலை சொல்வதையும் பில் போடுவதையும் மெட்ரிக் அலகில்தான் செய்யச் சொல்கிறது. கடையில் யார் கேட்கிறார்கள்? நிலத்திலும் இதே கதை. பட்டாவில் ஹெக்டேர், ஏர் (ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர்). பத்திரத்தில் சென்ட். 10 சென்ட் வைத்திருப்பவர் பட்டாவில் 4.05 ஏர் என்று பார்த்ததும் நிலம் குறைந்துவிட்டது என்று பதறிப்போய் வருகிறார். இரண்டு கணக்கு கலந்ததால்தான் 1999-இல் செவ்வாய்க்குப் போன அமெரிக்க விண்கலமே தொலைந்தது. விசைக் கணக்கு ஒரு பக்கம் பவுண்டில், மறு பக்கம் மெட்ரிக் அலகான நியூட்டனில்.

பழைய சொல் அழிந்துவிடுமே என்ற கவலையும் கட்டுரையில் இருந்தது. எனக்கு அந்தக் கவலை இல்லை. பவுன் என்றுதான் இன்றும் சொல்கிறோம். நகைக்கடையில் அது 8 கிராம். அமெரிக்காவின் அங்குலமும் 1959 முதல் சரியாக 25.4 மி.மீ. என்றுதான் வரையறுக்கப்பட்டிருக்கிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் இதழில் வரும் மனை, வீட்டு விளம்பரங்களில் சதுர அடி, சென்ட்டுக்குப் பக்கத்திலேயே சதுர மீட்டரையும் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
கானாடுகாத்தான்.