டேங்க் தண்ணியைத் திறந்து விடு, கண்ணு

அன்புள்ள கண்ணுக்கு,

அந்தத் தேக்குக் கதவுப் படம் பார்த்தேன். ரேகை தெரிகிற மாதிரி ஸ்ப்ரே கன்னால் லாக்கர் பூச்சு அடித்திருக்கிறாய், நல்ல கை. ஓரத்தில் மட்டும் குண்டூசித் தலை அளவுக்குக் குழியும் கொப்புளமும் தெரிகிறது. அது கம்ப்ரசரிலிருந்து கன்னுக்குக் காற்று போகும் ஏர் லைனில் வந்த எண்ணெயும் தண்ணீரும். பலகை முழுக்க ஒரே சீராக வெளுத்திருந்தால் சென்னைக் காற்றின் ஈரம் என்று சொல்லியிருப்பேன். அதற்கு மெதுவாகக் காயும் தின்னர் போதும்.

கம்ப்ரசர் டேங்கின் அடி வால்வைத் தினமும் திறக்கிறாயா? போனில் கேட்டால் "ம்" என்று வைத்துவிடுகிறாய்.

30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 30 கிராம் ஈரம் வரை தாங்கும். உங்கள் ஊரில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் 24 கிராம். 8 பார், அதாவது வெளிக்காற்றுக்கு மேலே எட்டு மடங்கு அழுத்தம், ஏற்ற அப்படி 9 கன மீட்டரை ஒன்றுக்குள் அமுக்குகிறாய். 216 கிராம் உள்ளே போகிறது, ஆறியதும் 30தான் ஆவியாகத் தங்கும். மீதி 186 கிராமும் தண்ணீர்.

ஆறிய பிறகுதான், அதைக் கவனி. சூடாக இருக்கும்வரை அது ஆவி. ஆவியை, தண்ணீரைப் பிரிக்கும் எந்த செப்பரேட்டரும் பிடிக்காது. நீ செப்பரேட்டரை டேங்க் வாயிலேயே மாட்டியிருக்கிறாய். காற்று அதைத் தாண்டிப் போய் ஹோஸில் ஆறி, கன்னில் தண்ணீராகக் கொட்டுகிறது.

லைனை இப்படி மாற்று. டேங்கிலிருந்து ஒரு சின்ன ஹோஸ், அதிர்வு பைப்புக்குப் போகாமலிருக்க. பிறகு சுவரோடு செம்பு அல்லது ஜிஐ பைப், 10 மீட்டராவது. மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு, கம்ப்ரசரை விட்டு விலகும் பக்கமாக. கடைசியில் தண்ணீர் தேங்க ஒரு பைப் துண்டைக் கீழே இறக்கி, அதன் அடியில் பால் வால்வு வை. கன்னுக்கான கிளையைப் பைப்பின் மேற்புறத்திலிருந்து எடு. அதற்குப் பிறகு செப்பரேட்டர், எண்ணெய் பிடிக்கும் ஃபில்டர், ரெகுலேட்டர், கடைசியாக ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல். எண்ணெய் பட்ட ஜெல் வறுத்தாலும் தேறாது, அதனால் ஃபில்டர் முன்னால் இருக்க வேண்டும். ஆரஞ்சு ஜெல் வாங்கு. நீலத்தில் கோபால்ட் இருக்கிறது, சமையல் ஓவன் பக்கமே கொண்டுபோகாதே. நிறம் மாறினால் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காய வை. ஃபில்டர், ரெகுலேட்டர், காற்றில் எண்ணெய் கலக்கும் கிண்ணம் மூன்றையும் எஃப்ஆர்எல் செட்டாகத் தந்தால் எண்ணெய்க் கிண்ணத்தைக் கழற்றிவிடு. பெயிண்ட் லைனுக்கு அது ஆகாது. பிவிசி பைப் வேண்டவே வேண்டாம், உடைந்தால் சில்லு சில்லாகத் தெறிக்கும்.

வேலையை விட்டதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. மாமா பேசியதையும் மனசில் வைக்காதே. கதவைப் பார்த்தால் யாரும் பேச மாட்டார்கள். ஆனால் பழைய டேங்க் வாங்குமுன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

தேங்கிய தண்ணீர் உள்ளேயிருந்து டேங்கின் அடித் தகட்டை அரிக்கும். வெளியே பெயிண்ட் பளபளக்கும். தகடு மெலிந்த டேங்க் வழக்கமான அழுத்தத்திலேயே பிளக்கும், சேஃப்டி வால்வு அப்போது காப்பாற்றாது. வேலை முடிந்ததும் அழுத்தத்தை 1 பாருக்கு இறக்கி, அடி வால்வை மெல்லத் திற. தினமும். துருத் தண்ணீர் வந்தால் அன்றோடு நிறுத்து. தண்ணீர் நிரப்பி ஹைட்ரோ டெஸ்ட் செய்யச் சொல், காற்றை ஏற்றிச் சோதிக்க விடாதே. ஊசித்துளை கசிந்தால் வெல்டு வைக்காதே, டேங்கையே மாற்று. பணம் நான் அனுப்புகிறேன், கடனாகவே எழுதி வைத்துக்கொள்.

டேங்கில் ஒரு பெயர்த்தகடு இருக்கும். செய்த ஆண்டும் அழுத்தமும் தெரிகிற மாதிரி படம் எடு. அம்மா நம்பருக்கே அனுப்பு. அவள் பார்த்துவிட்டு உன்னைக் கூப்பிடுவாள், எடுத்துப் பேசு.

அப்பா
கோவை